ஸ்டே இருக்கும்வரை வாய்தா அவருக்குத்தான் லாபம்

கேள்வி: விபத்தில் இறந்த என் கணவருக்காக வந்த இழப்பீட்டுத் தொகையில் பெரும்பகுதியை என் வக்கீல் தரவில்லை. மாநில பார் கவுன்சிலில் புகார் செய்தேன். விசாரித்து, அவர் 2 ஆண்டு தொழில் செய்யக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். அவர் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்து ஸ்டே வாங்கிவிட்டார். அதன்பிறகு 6 வாய்தா. ஒவ்வொரு முறையும் டெல்லி வரை போய் வெறுங்கையோடு திரும்புகிறேன். மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த விதியை நம்பி இருந்துவிடாதீர்கள் அம்மா. அது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 17-வது கட்டளையில், சிவில் வழக்கு விசாரணைக்காகச் சொல்லப்பட்டது. அங்கேயும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் கூடுதல் அவகாசம் தரலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. 'ஆறு மாதத்தில் ஸ்டே தானாகக் காலாவதியாகிவிடும்' என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். நீதிமன்றங்கள் தரும் ஸ்டே பற்றி அப்படிச் சொன்ன 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, 2024 பிப்ரவரி 29-ல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்க மறுத்துவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டம் 36பி பிரிவு சொல்லும் ஓராண்டுக் கெடுவோ மாநில கவுன்சில் புகாரை விசாரிப்பதற்கானது. மேல்முறையீட்டுக்கு அப்படி ஒரு கெடு சட்டத்தில் கிடையாது.

நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அதே சட்டத்தின் 40-வது பிரிவு. மேல்முறையீடு போட்டாலே தண்டனை நின்றுவிடாது. போதுமான காரணம் இருந்தால், தகுந்த நிபந்தனைகளோடு நிறுத்திவைக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. அவர் ஸ்டே கேட்டதில் தவறில்லை. தண்டனைக் காலம் முழுவதும் கழிந்தபின் மேல்முறையீட்டில் ஜெயித்து அவருக்கு என்ன பயன்? ஆனால் அதே நியாயம் அவரைச் சீக்கிரம் வாதாடவும் கட்டுப்படுத்த வேண்டும். ஸ்டேயும் வேண்டும், வாய்தாவும் வேண்டும் என்றால், மேல்முறையீடு முடியாமல் இருப்பதே அவருக்கு வெற்றி. நீங்கள் ஒவ்வொரு வாய்தாவையும் எதிர்த்துக் கொண்டிருந்தால் சளைத்துப் போவீர்கள். ஸ்டேயை எதிர்த்து மனுப் போடுங்கள்.

அதற்கு முதல் வேலை, எல்லா வாய்தா தேதிகளின் உத்தரவுகளுக்கும் சான்றிட்ட நகல் வாங்குவது. எந்தத் தேதி, யார் கேட்டது, என்ன காரணம், அன்று நீங்கள் ஆஜரானீர்களா என்று ஒரு அட்டவணை போட்டு மனுவோடு இணையுங்கள். பத்துப் பக்கம் புலம்பலைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். ஸ்டேயை நீக்குங்கள் என்று கேளுங்கள். அது முடியாவிட்டால், இனி வாய்தா கேட்டால் ஸ்டே ரத்தாகும் என்ற நிபந்தனை, தகராறில் உள்ள பணத்தை டெபாசிட் செய்யும் நிபந்தனை, உங்கள் பயணச் செலவு, இறுதி விசாரணைக்கு ஒரு தேதி என்று மாற்றுக் கோரிக்கைகளையும் அதே மனுவில் வையுங்கள். கூடவே உங்கள் எழுத்துப்பூர்வ வாதத்தையும் தாக்கல் செய்துவிடுங்கள். உங்கள் பக்கம் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. ஒரு வாய்தாகூட நீங்கள் கேட்காதீர்கள். அட்டவணையின் பலமே போய்விடும்.

காரணங்களையும் பிரித்துப் பாருங்கள். மருத்துவச் சான்றோடு ஒருமுறை கேட்டதை எதிர்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 'சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்' என்று மூன்றாம் முறை வந்தால் விடாதீர்கள்.

மனுவும் அப்படியே கிடந்தால், மேல்முறையீட்டைக் குறித்த காலத்துக்குள் முடிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். வக்கீல்கள் மீதான புகார்களை ஓராண்டுக்குள் முடிக்கும்படி 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பார் கவுன்சில்களை அறிவுறுத்தியது. அது புகார்களைப் பற்றியது என்றாலும், உங்கள் வழக்கறிஞர் அதைச் சுட்டிக்காட்டலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்த மேல்முறையீட்டில் நீங்கள் ஜெயித்தாலும், தொழில் தடைதான் நிலைக்கும்; பணம் தானாக வந்துவிடாது. அதற்குச் சிவில் வழக்கு தனியாகப் போட வேண்டும். நுகர்வோர் ஆணையம் உதவாது. வக்கீல்களின் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் வழக்குக்கான காலவரம்பு இப்படிப்பட்ட பணக் கோரிக்கைகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு. பார் கவுன்சிலில் விசாரணை நடக்கிறது என்பதற்காக அது காத்திருக்காது. எந்தத் தேதியிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்பதை இந்த வாரமே ஒரு சிவில் வக்கீலிடம் ஆவணங்களோடு காட்டிக் கேளுங்கள்.