‘மரச்செக்கு’ என்ற பெயருக்கு டிரேட்மார்க் கிடைக்குமா?

கேள்வி: விரைவில் விற்பனையைத் தொடங்கவிருக்கும் எங்கள் நல்லெண்ணெய்க்கு ‘மரச்செக்கு’ என்று பெயர் வைத்து டிரேட்மார்க் பதிவுக்கு விண்ணப்பித்தேன். அது பொருளை விவரிக்கும் சொல் என்று பிரிவு 9(1)(பி)-இன் கீழ் ஆட்சேபம் தெரிவித்து ஆய்வறிக்கை வந்துள்ளது. எழுத்தை மாற்றி ‘மரசெக்கூ’ என்று மறுபடி விண்ணப்பிக்கும்படி நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: வேண்டாம். எழுத்து மாறினாலும் காதில் விழும் சொல்லும் அதன் பொருளும் மாறாததால், அதே ஆட்சேபம் மீண்டும் வரும். கட்டிய கட்டணமும் வீணாகும்.

பொருளின் வகை, தரம், அளவு, பயன்பாடு, விளையும் இடம் போன்றவற்றை மட்டுமே சொல்லும் பெயர்களைப் பதிவு செய்ய 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் (டிரேட்மார்க்) சட்டம் மறுக்கிறது. இது நியாயமான மறுப்பு என்றே நான் கருதுகிறேன். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயை விற்கும் அத்தனை பேருக்கும் தேவைப்படும் அந்தச் சொல்லை உங்கள் ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டால், பக்கத்து ஊரில் செக்கு வைத்திருப்பவர் தம் எண்ணெயை என்னவென்று சொல்லி விற்பார்?

நண்பர் சொல்லும் வழி நீதிமன்றத்திலும் நிற்காது என்பதற்குச் சமையல் எண்ணெய் வழக்கு ஒன்றே சான்று. ‘லோசார்ப்’ என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த மாரிக்கோ நிறுவனம், ‘லோ அப்சார்ப் டெக்னாலஜி’ என்று தன் எண்ணெய் உறையில் அச்சிட்ட ஆக்ரோ டெக் நிறுவனத்துக்குத் தடை கேட்டது. உணவில் எண்ணெய் குறைவாக உறிஞ்சப்படும் என்ற தன்மையையே அச்சொற்கள் சொல்கின்றன, அதைச் சிறிது திரித்து எழுதியதால் மட்டும் தனியுரிமை வந்துவிடாது என்ற நோக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் தடை தர மறுத்தது.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. விண்ணப்பத் தேதிக்கு முன்பே, அந்தப் பெயரைக் கேட்டதும் வாங்குபவர்கள் உங்கள் சரக்கைத்தான் நினைக்கிறார்கள் என்னும் அளவுக்கு அது பயன்பாட்டால் தனித்துவம் பெற்றிருந்தால் பதிவு கிடைக்கும். அதற்குப் பழைய பில்கள், லேபிள்கள், விளம்பரச் செலவுக் கணக்குகள் ஆகியவற்றோடு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். விற்பனையையே இன்னும் தொடங்காத உங்களுக்கு இந்த வழி பொருந்தாது.

ஆய்வறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். உங்கள் நிலையில், வலுவில்லாத பதிலுக்குச் செலவிடும் பணத்தைப் புதிய பெயருக்குச் செலவிடுவதே மேல். எண்ணெயோடு தொடர்பில்லாத ஒரு சொல்லையோ, நீங்களே புனைந்த சொல்லையோ தேர்ந்தெடுங்கள். அதன் கீழே ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ என்று தாராளமாக அச்சிடலாம். பொருளின் தன்மையைச் சொல்ல அப்படி எழுதுவதைப் பிரிவு 30(2)(ஏ) பாதுகாக்கிறது. விண்ணப்பிக்கும் முன், பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்து வைத்துள்ள வகுப்புகளில் சமையல் எண்ணெய்க்குரிய 29ஆம் வகுப்பில் அதே பெயரோ அதைப் போல ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையத் தேடல் வசதியில் பார்த்துவிடுங்கள்.