பொருளாதார அளவையியலை மென்பொருளில் பழக எங்கே தொடங்குவது?

கேள்வி: முதுகலையில் பொருளாதார அளவையியல் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் துறை) தாளில் நல்ல மதிப்பெண் பெற்றேன். தரவுக்கு மிக நெருங்கிய கோட்டைக் காணும் மீச்சிறு வர்க்க முறையின் நிறுவல்களை எழுதிக் காட்ட முடியும். இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காக, பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவைக் கொண்டு கூலி வேறுபாட்டை ஆராய வேண்டியிருக்கிறது. தரவுக் கோப்பைத் திறந்தால் என்ன செய்வதென்றே புரியவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் மெனுவைச் சொடுக்கி ரிக்ரஷன் (ஒரு மாறி மற்ற மாறிகளை எப்படிச் சார்ந்திருக்கிறது என்று அளக்கும் கணக்கு) போட்ட பழக்கம் மட்டுமே உண்டு. ஸ்டேட்டா என்ற கட்டண மென்பொருளை வாங்க வசதியில்லை. எந்த மென்பொருளை, எந்த வரிசையில் கற்பது?

பதில்: மென்பொருளைப் பற்றிய முடிவு எளிது. ஆர் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலவசம், ஸ்டேட்டா கோப்புகளையும் படிக்கும், கணக்கெடுப்புத் தரவுக்கான கருவிகள் அதில் நன்றாக இருக்கின்றன. கிரெட்டில் என்ற இலவச மென்பொருளும் வகுப்பறைக்கு நல்லது. ஆனால் எதைக் கற்றாலும் மெனுவைச் சொடுக்கும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு படியையும் கட்டளைக் கோப்பாக எழுதிச் சேமியுங்கள். 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், பொதுக்கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் பாடப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்தபோது, எக்செல் தாளில் ஐந்து நாடுகளின் வரிசைகள் சராசரிக்குள் வராமல் விடுபட்டிருந்தது தெரிந்தது. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததையும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையையும் சேர்த்துத் திருத்தியபோது, 2013-இல் அந்த எண் 2.2 சதவீதமாக மாறியது. எழுதி வைத்த கட்டளைக் கோப்பாக இருந்திருந்தால், படிக்கும் எவரும் அந்த விடுபாட்டை வரி வரியாகக் கண்டுபிடித்திருக்க முடியும்.

உங்களுக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது வேறு. பி.எல்.எஃப்.எஸ். கோப்பை இன்னும் இரண்டு மாதங்களுக்குத் திறக்காதீர்கள். விடை முன்பே தெரிந்த, தரவு பொதுவெளியில் கிடைக்கும் ஓர் ஆய்வை எடுத்து, அதன் அட்டவணையில் உள்ள எண்கள் உங்கள் திரையில் வரும்வரை உழையுங்கள். சொந்தத் தரவில் தவறு செய்தாலும் ஏதோ ஓர் எண் வந்துவிடும். அது தவறு என்று சொல்ல ஆளிருக்காது. அச்சான அட்டவணை அந்த வேலையைச் செய்யும்.

நான் மாணவர்களுக்குக் கொடுப்பது பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி ஆய்வு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று மணிநேரக் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. உயர்வுக்கு முன்னும் பின்னும் நியூ ஜெர்சியில் 331, கிழக்குப் பென்சில்வேனியாவில் 79 என 410 துரித உணவகங்களில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதினார்கள். கோப்பு சிறியது, கார்டின் பல்கலைக்கழகப் பக்கத்தில், மாறிகளின் விளக்கத்தோடு கிடைக்கிறது.

முதல் பாடம் ரிக்ரஷனுக்கு முன்பே வந்துவிடும். அவர்களுடைய வேலைவாய்ப்பு அளவு கோப்பில் ஆயத்தமாக இல்லை. முழுநேர ஊழியர்களோடு மேலாளர்களையும் கூட்டி, பகுதிநேர ஊழியர்களில் பாதியைச் சேர்த்து நீங்களே உருவாக்க வேண்டும். மேலாளர்களை மறந்தால் எந்தச் சராசரியும் பொருந்தாது. அடுத்து, ஒவ்வோர் உணவகமும் ஒரே வரிசையில் முன், பின் என இரு நிரல்களாக இருப்பதை, உணவகத்துக்கு இரு வரிசைகளாக மாற்ற வேண்டும். அப்போது 820 வரிசைகள் வரும். ஆனால் சில உணவகங்களில் தரவு விடுபட்டிருப்பதால் ரிக்ரஷன் அதைவிடக் குறைவான வரிசைகளையே பயன்படுத்த வேண்டும். உங்கள் முடிவில் 820 என்றே வந்தால், விடுபட்ட விவரத்தைச் சுழியமாக எண்ணிவிட்டீர்கள் என்று பொருள். நிரந்தரமாக மூடப்பட்ட உணவகத்துக்குச் சுழியம் சரி, தற்காலிகமாக மூடியதை விடுபட்டதாகக் கொள்ள வேண்டும் என்ற வேறுபாட்டையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆய்வில் இத்தகைய சிறு முடிவுகள் எத்தனை இருக்கின்றன என்பது அப்போதுதான் கையில் உறைக்கும்.

பிறகு நான்கு சராசரிகளைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் முன்பு 23.33, பின்பு 21.17. நியூ ஜெர்சியில் முன்பு 20.44, பின்பு 21.03. ஓரிடத்தில் 2.16 குறைந்தது, மற்றதில் 0.59 கூடியது, இரு மாற்றங்களுக்கும் இடையிலான வேறுபாடு 2.75. அட்டவணையில் 2.76 என்று இருப்பது தசமங்களை முழுமையாக்கியதால் வந்தது. இப்போது மாநிலத்துக்கு ஒரு போலி மாறி (நியூ ஜெர்சிக்கு 1, பென்சில்வேனியாவுக்கு 0), காலத்துக்கு ஒரு போலி மாறி (உயர்வுக்குப் பின் 1, முன் 0), இரண்டின் பெருக்கல் ஆகியவற்றை வைத்து ரிக்ரஷன் போடுங்கள். மாறிலி 23.33, மாநிலக் கெழு மைனஸ் 2.89, காலக் கெழு மைனஸ் 2.16, பெருக்கலின் கெழு ஏறத்தாழ 2.75 என்று வரும். கையால் கழித்ததும் கணினி தந்ததும் ஒன்றே என்று காணும் அந்த நிமிடத்தில், நீங்கள் தாளில் நிறுவிய சூத்திரத்துக்கு உயிர் வந்துவிடும். இதற்காகவே இந்தப் பயிற்சியை விடாமல் பரிந்துரைக்கிறேன்.

இனி திட்டப்பிழை, அதாவது ஒரு மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு; இங்குதான் நன்கு படித்தவர்களும் இடறுகிறார்கள். முன்பு இரு மாநிலங்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டின் திட்டப்பிழை 1.44, பின்பு 1.07. இவற்றைச் சார்பற்றவை என்று கொண்டு வர்க்கங்களைக் கூட்டி மூலம் கண்டால் ஏறத்தாழ 1.79 வரும். ஆனால் அட்டவணையில் இருப்பது 1.36. காரணம், முன்பும் பின்பும் பார்த்தது ஒரே உணவகத்தை. பெரிய உணவகம் இரு முறையும் பெரிதாகவே இருக்கும். அந்தத் தொடர்பு வேறுபாட்டின் பிழையைக் குறைக்கிறது. கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்து வருவது ஏறத்தாழ 2-ஐத் தாண்டினால்தான் முடிவைத் தற்செயல் அல்ல என்று கொள்வது வழக்கம். 2.76-ஐ 1.36-ஆல் வகுத்தால் 2-ஐச் சற்றே தாண்டும்; 1.79-ஆல் வகுத்தால் 1.54-தான். ஒரே கெழு, ஒரே தரவு; பிழையைக் கணக்கிட்ட முறை மட்டும் மாறி முடிவின் புள்ளியியல் முக்கியத்துவம் மாறிவிடுகிறது. ஆகவே உணவகத்தைக் கொத்தாகக் கொண்டு, அதாவது ஒரே உணவகத்தின் இரு வரிசைகளும் தொடர்புடையவை என்று கருதி, திட்டப்பிழையைக் கணக்கிடுங்கள். பல ஆண்டு மாநிலத் தரவில் இதே அலட்சியம் எதிர்த்திசையில் ஏமாற்றும்: பெர்ட்ராண்ட், டஃப்லோ, முல்லைநாதன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2004-இல், நடக்காத சட்டங்களைக் கற்பனையாகப் புகுத்திப் பார்த்தபோது, 5 சதவீதம் மட்டுமே வர வேண்டிய பொய் முடிவுகள் 45 சதவீதம் வரை வந்தன.

ஒரு சிறு குறிப்பு: ஸ்டேட்டாவின் ரோபஸ்ட் திட்டப்பிழையும் (பிழைகளின் பரவல் சீராக இல்லாதபோதும் பொருந்தும் வகை) ஆர் மொழியில் சாண்ட்விச் தொகுப்பு இயல்பாகத் தருவதும் சற்றே வேறுபடும். முன்னது ஹெச்.சி.1, பின்னது ஹெச்.சி.3 என்ற திருத்தத்தைப் பயன்படுத்துவதே காரணம். பதறாமல் வகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், பொருந்திவிடும்.

எண்கள் பொருந்திய பிறகு, பென்சில்வேனியா சரியான ஒப்பீடுதானா என்று கேளுங்கள். பொருளாதார அறிஞர்கள் நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பட்டியல் தரவைக் கொண்டு 2000-இல் இந்த முடிவை மறுத்தார்கள்; கார்டும் குரூகரும் அதே ஆண்டு பதிலளித்தார்கள். இரு பக்கத்தையும் படியுங்கள். எந்த மென்பொருளும் இந்தக் கேள்விக்கு விடை தராது.

அதன்பின் பி.எல்.எஃப்.எஸ். கோப்புக்கு வாருங்கள். கூலியின் மடக்கையைக் கல்வி, அனுபவம், அனுபவத்தின் வர்க்கம் ஆகியவற்றின்மீது வைக்கும் மின்சர் சமன்பாட்டில் தொடங்கலாம். அங்கே கல்வி நிரலில் இருப்பது படித்த ஆண்டுகள் அல்ல, குறியீடு: இடைநிலைக்கு 8, மேல்நிலைக்கு 10, பட்டத்துக்கு 12, 9 என்ற குறியீடே கிடையாது. அதை எண்ணாக உள்ளிட்டால் மென்பொருள் மறுப்பின்றி ஒரு கெழுவைத் தரும், அதற்குப் பொருளிருக்காது. வகைமாறியாக அறிவித்துவிட்டுப் போடுங்கள். போலி மாறியின் கெழு 0.5 என்றால் கூலி 50 சதவீதம் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். மடக்கையைத் திருப்பிக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 65 சதவீதம். கோப்போடு வரும் விளக்கத்தில் உள்ளபடி எடைகளை (ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்ற எண்களை) கணக்கிட்டு, மாதிரியில் முதலில் தேர்ந்தெடுக்கப்படும் முதல்நிலைக் கூறாகிய கிராமத்தை அல்லது நகரப் பகுதியைக் கொத்தாகக் கொள்ளுங்கள். ஒரு ரிக்ரஷனும் போடுவதற்கு முன், எடையிட்ட தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தைக் கணக்கிட்டு, அதே ஆண்டின் அரசு அறிக்கையில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், அங்கேயே நின்று காரணத்தைத் தேடுங்கள்.