பெயர்ந்துபோன சிறு துண்டு: கிராபிக்ஸ் கார்டைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: ஐயா, எங்கள் மகள் கோயம்புத்தூரில் கட்டடக்கலை படிக்கிறாள். விடுமுறைக்குக் கோத்தகிரிக்கு வரும்போது தன் கணினியையும் எடுத்து வந்தாள். மலைப்பாதையில் குலுங்கும் என்பதால் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகக் கழற்றியிருக்கிறாள். அப்போது கார்டைச் செருகும் ஸ்லாட்டின் முனையில் உள்ள பிளாஸ்டிக் பூட்டை நெம்பிய ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, கார்டின் பின்பக்கம், தங்கநிறப் பற்களுக்குச் சற்று மேலே இருந்த மணல் அளவிலான பழுப்புத் துண்டு ஒன்றைப் பெயர்த்துவிட்டது. அந்தத் துண்டு கிடைக்கவில்லை. கடையில் கேட்டால் புதிய கார்டு வாங்குங்கள் என்கிறார்கள். உறவினர் ஒருவரோ ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்கிறார். கார்டைப் பொருத்தி மின்சாரம் கொடுக்கவே அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில், கார்டைக் கழற்றி எடுத்து வந்தது சரியான முடிவு என்பதைத் தங்கள் மகளிடம் சொல்லுங்கள். கனமான கார்டு ஸ்லாட்டில் தொங்கியபடி கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கினால் பலகையே வளைந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழக்கூடும்; அவற்றைச் சரிசெய்வது இப்போது நேர்ந்திருப்பதைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

விழுந்தது எந்த இடத்தில் இருந்த துண்டு என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். தாங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது ஒரு செராமிக் கெபாசிட்டராகவே (மின்தேக்கியாகவே) இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டும் மதர்போர்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பின் வழியே பெரும்பாலும் 16 தடங்களில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு தடத்திலும் கார்டிலிருந்து வெளியே செல்லும் சமிக்ஞைக்கு இரண்டு கம்பிகள் உண்டு. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு கெபாசிட்டர் அமர்ந்திருக்கும். வேகமாக மாறும் சமிக்ஞையைக் கடக்கவிட்டு, இரு பக்கங்களுக்கும் இடையே நேர்மின்னோட்டம் பாயாமல் தடுப்பது அதன் வேலை. பற்களுக்கு மேலே ஜோடி ஜோடியாக ஒரே வரிசையில் நிற்கும் சிறு துண்டுகள் இவைதான்.

இவற்றுள் ஒன்று போனால் அந்த ஒரு தடம் மட்டுமே ஊமையாகும், கார்டு எரிந்துவிடாது. கணினி தொடங்கும்போது இரு பக்கமும் எத்தனை தடங்கள் நலமாக உள்ளன என்று தாமே சோதித்து, 16 இயலாவிட்டால் 8, அதுவும் இயலாவிட்டால் 4 என்று இறங்கி வந்து ஒப்புக்கொள்ளும். பற்களின் நடுவே உள்ள வெட்டுக்கு அருகில் முதல் தடமும், பிளாஸ்டிக் பூட்டு இருக்கும் முனையில் கடைசித் தடமும் அமைந்திருக்கின்றன. தங்கள் மகளின் ஸ்க்ரூடிரைவர் பூட்டின் பக்கம் வழுக்கியதால், போனது கடைசித் தடங்களில் ஒன்றாகவே இருக்கும். அப்படியானால் கார்டு 8 தடங்களில் இயங்கும், படம் வரையும் மென்பொருள்களில் அந்த வேறுபாட்டை உணர்வதும் அரிது. வெட்டை ஒட்டிய முதல் தடத்தில் இந்த அடி விழுந்திருந்தால் கார்டை மதர்போர்டு அடையாளம் காணாமலே போயிருக்கலாம்.

ஆனாலும் உடனே பொருத்திவிட வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியை வைத்து, துண்டு இருந்த இரு பேடுகளும் (துண்டைப் பற்றவைக்கும் சிறு உலோகத் திட்டுகள்) பலகையோடு ஒட்டியிருக்கின்றனவா, அவற்றுக்கு இடையே உலோகத் துகள் ஏதும் பாலம் போட்டிருக்கிறதா, ஸ்க்ரூடிரைவர் கீறியதில் பச்சை அல்லது கருப்புப் பூச்சு உரிந்து செம்புக்கோடு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மல்டிமீட்டரால், கார்டின் மின்சார இணைப்பியில் உள்ள 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் பொருத்தி இயக்கலாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் எத்தனை தடங்களில் கார்டு ஓடுகிறது என்று காட்டும். ஓய்வாக இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பின் வேகம் குறைந்திருக்கும் என்பதால், அதிலேயே உள்ள சோதனையை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சில மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டில் வேறு கார்டு இருந்தாலும் தடங்கள் பாதியாகும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

துண்டைத் திரும்ப வைப்பதாக முடிவு செய்தால், அதன் மதிப்பு, அதாவது நானோஃபாரட் கணக்கில் அளக்கும் மின்தேக்கும் அளவு, தெரிய வேண்டும். இத்தகைய சிறு செராமிக் கெபாசிட்டர்களின் மேல் எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைக்கு 176 முதல் 265 நானோஃபாரட் வரை விதி அனுமதிக்கிறது, நடைமுறையில் 220 வைக்கிறார்கள். முதல் இரு தலைமுறைக் கார்டுகளில் பெரும்பாலும் 100 நானோஃபாரட். அளவு 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம் அல்லது அதைவிடச் சிறியது. இதற்கு முன்னும் பின்னும் கிடையாது என்பதால் எந்தப் பக்கம் வைத்தாலும் சரி. அதே மாடலில் செத்துப்போன கார்டு கிடைத்தால், அதே இடத்துத் துண்டை எடுத்து வைப்பதே எல்லாவற்றிலும் நம்பகமான வழி.

இந்த வேலைக்குக் கணினிக் கடையைவிட, மைக்ரோஸ்கோப் வைத்து மொபைல் போர்டு வேலை செய்யும் கைகளைத் தேடிப் போவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இதைவிடச் சிறிய துண்டுகளை அன்றாடம் கழற்றி மாட்டுகிறவர்கள் அவர்கள். பேடைச் சுத்தம் செய்து ஃபிளக்ஸ் (பற்றவைப்புக்கு உதவும் பசை) தடவி, ஒரு பேடில் மட்டும் சிறிது பற்றவைப்புக் கலவை ஏற்றி, இடுக்கியால் துண்டைப் பிடித்து அதில் நிறுத்திய பிறகே மறு முனையைப் பற்றவைக்க வேண்டும். தொழிற்சாலையில் வைக்கும் காரீயமற்ற கலவை 217 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இளகும். 63க்கு 37 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது 183 டிகிரியிலேயே இளகும் என்பதால், கையால் செய்யும் வேலைக்கு அதுவே பலகைக்கு இதமானது. பற்றவைக்கும் அயர்னை அழுத்தவோ, நெடுநேரம் வைத்திருக்கவோ கூடாது. பேடு உரிந்துவிட்டால் வேலை பத்து மடங்காகும். கார்டுக்கு உத்தரவாதக் காலம் மீதமிருந்தால், யாரும் அயர்னைத் தொடுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஓவன் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். காணாமல் போன துண்டு சூட்டினால் திரும்பி வராது. நலமாக உள்ள கெபாசிட்டர்களும் பிளாஸ்டிக் இணைப்பிகளும் கெடும். சமைக்கும் ஓவனில் ஃபிளக்ஸ் புகையும் படியும். எட்டுத் தடங்களில் கார்டு நிம்மதியாக ஓடுகிறது என்றால், தேர்ந்த கை கிடைக்கும்வரை அப்படியே பயன்படுத்துங்கள். பதற்றத்தில் செய்யும் பற்றவைப்பைவிட விடுபட்ட ஒரு கெபாசிட்டர் குறைந்த தீங்கையே செய்யும்.

கேள்வி: ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய் வந்த பிறகு கணினி உயிர் பெறவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினால் தொடங்குகிறது. கார்டில் மின்சார இணைப்பிக்கு அருகே ஒரு துண்டு கருகிக் குழி விழுந்திருக்கிறது. இனி பயன் உண்டா?
— வாசகர், குன்னூர்

பதில்: நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் இது முந்தைய கேள்வியைப் போல எளிதன்று. 12 வோல்ட் பாதையில் உள்ள கெபாசிட்டர் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும்; அதை உணர்ந்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. கருகியது கெபாசிட்டர் மட்டும்தானா, அதை அடுத்துள்ள மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்சும் போய்விட்டதா என்பதே கேள்வி. 12 வோல்ட்டை ஒட்டிய மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால், ஏறத்தாழ 1 வோல்ட் மட்டுமே தாங்கும் முதன்மைச் சிப்பின் மீது 12 வோல்ட் பாய்ந்திருக்கும். அதன் பிறகு செலவழிப்பதில் பொருளில்லை.

கருகிய துண்டை எடுத்த பின் ஷார்ட் மறைந்தால் நல்ல அறிகுறி. அங்கே பல கெபாசிட்டர்கள் இணையாக இருப்பதால் ஒன்று இல்லாமலும் கார்டு இயங்கக்கூடும். இருந்தாலும் 16 அல்லது 25 வோல்ட் தாங்கும் புதிய துண்டை வைப்பதே முறை. பலகை கருகியிருந்தால் அந்தக் கரியைச் சுரண்டி எடுத்தாக வேண்டும், ஏனெனில் கரியும் மின்சாரத்தைக் கடத்தும். முதன்மைச் சிப்புக்கு மின்சாரம் தரும் காயில்களில் அளந்து, 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டியதும் சிப் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. பெரிய சிப்களில் அந்த அளவு இயல்பானதே. அதை மட்டும் வைத்துக் கார்டைக் குப்பையில் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பழுது நீக்கக் கார்டைக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன். எங்கள் ஊர்க் குளிரும் பனியும் கெடுதல் செய்யுமா?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: குளிர்ந்த பொருளின் மேல் வெப்பமான ஈரக் காற்று பட்டால்தான் நீர் படியும், ஆகவே மலையேறி வரும்போதைவிட இறங்கிப் போகும்போதே ஆபத்து அதிகம். கார்டைப் பையில் போட்டு இறுக மூடி அனுப்புங்கள். கீழே சென்றதும் பை அறையின் வெப்பத்துக்கு வரும்வரை திறக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டுங்கள். பற்றவைத்த பின் எஞ்சும் ஃபிளக்ஸ் நம் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி மின்கசிவுக்கு வழி செய்யக்கூடும் என்பதால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் வறண்ட நாட்களில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே கார்டைக் கையில் எடுங்கள். கம்பளியில் சேரும் நிலைமின்னூட்டம் கைக்குத் தெரியாமலே சிப்பைக் கெடுக்கும்.