தோல் புற்றுநோய் வந்து போனபின்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவில் ஒரு தோல் சிகிச்சை மையத்தில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். பிறகு எனக்கே உள்ளங்காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது. மருந்து, ஸ்கேன் எல்லாம் உங்கள் டாக்டர் பாடு. அன்றாடப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கே: முதுகில் மெலனோமாவை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. மாதாமாதம் நானே உடம்பைப் பார்க்க வேண்டுமாம். உடம்பெல்லாம் மச்சம், எதையென்று பார்ப்பது?

எல்லா மச்சத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், குளித்த கையோடு, நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள். தலை வகிடு, காதுக்குப் பின்னால், விரல் இடுக்கு, நகம் எதையும் விடாதீர்கள். முதுகை வீட்டில் ஒருவர் போனில் படம் எடுக்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அடுத்த மாதம் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஓரம் கோணலாகி, நிறம் இரண்டு மூன்றாகி, மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று தனித்துத் தெரிந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள். அப்புறம், பழைய தழும்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: எனக்கு வந்தது கால் பெருவிரல் நகத்தடியில். "நம்ம கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு?" என்கிறார் மாமியார்.

பாதி சரி. நகத்தடி, உள்ளங்கால் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. பந்து விளையாடிய காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. நான் மட்டும் என்ன? நர்ஸாக இருந்துகொண்டே, கால் ஆணி என்று நினைத்து ஆறு மாதம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். அதனால் உங்களுக்கு க்ரீமைவிடக் காலைப் பார்ப்பதுதான் முக்கியம். நகப்பூச்சை அழித்துவிட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்கும்போது நீங்களும் தடவத்தான் வேண்டும், மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

கே: காலையில் ஒரு தடவை தடவினால் போதாதா?

போதாது. கிளம்ப 20 நிமிடம் முன்னால் ஒரு தடவை, வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு கைக்கு ஒரு டீஸ்பூன் வேண்டும். பலர் பொட்டு வைப்பதுபோலத் தொட்டு வைக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்லும் எண்ணான புற ஊதாக் குறியீடு (UV index) 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை. பிரிஸ்பேனில் குளிர்கால நடுப்பகலிலும் அது 3-ஐத் தாண்டும். கார் ஓட்டுகிறவர்கள் ஜன்னல் பக்கத்து வலது கையை மறக்க வேண்டாம்.

கே: நிகோடினமைடு (வைட்டமின் B3-இன் ஒரு வடிவம்) மாத்திரை சாப்பிடலாமா?

2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 500 மி.கி. தினம் இரண்டு வேளை எடுத்தவர்களுக்கு ஓராண்டில் மெலனோமா அல்லாத புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. அவர்கள் ஏற்கெனவே மெலனோமா அல்லாத வகை இரண்டு முறையாவது வந்தவர்கள். நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். B3-இன் இன்னொரு வடிவமான நியாசின் வேறு, இது வேறு.

கே: செக்கப்புக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடுகிறது.

எனக்கும்தான். காலை முதல் அப்பாயின்ட்மென்ட்டாகக் கேட்டு வாங்கிவிடுவேன், அன்றைக்காவது சீக்கிரம் முடியட்டுமென்று.