சேவலா பெட்டையா, சூடு சொல்லுமா?

கேள்வி: மண்ணு சூடா இருந்தா ஆமை முட்டைல பெண் குஞ்சா வரும்னு ஒரு வீடியோல பாத்தேன், நிஜமா சார்? அப்போ இன்குபேட்டர்ல டெம்பரேச்சரை ஏத்தி இறக்கி கோழிலயும் பெட்டையாவே பொரிக்க வைக்கலாமா?

பதில்: ஆமை விஷயம் நிஜம். கோழிகிட்ட அந்த பாச்சா பலிக்காது. தாய்க்கோழி குடுக்குறது இஸட் குரோமோசோமா இருந்தா சேவல், டபிள்யூவா இருந்தா பெட்டை, முட்டை உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கணக்கு முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் சூட்டை ஏத்தினா கரு சாகும், பாலினம் மாறாது.

கடல் ஆமைக்கும் முதலைக்கும் இந்த மாதிரி ஆண் பெண்ணுன்னு பிரிக்கிற குரோமோசோமே கிடையாது. அடை இருக்குற நாளை மூணு பங்கா போட்டா நடுப் பங்குலதான் முடிவாகும், அதுவரைக்கும் உள்ள இருக்குற சின்ன உறுப்பு விரையாவும் ஆகலாம் சூலகமாவும் ஆகலாம்னு ரெண்டுங்கெட்டானா கிடக்கும். ஆமைல சூடு ஏறினா அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் கூடி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனா மாத்திவிட்டுரும், அவ்ளோதான், சூலகம். கிட்டத்தட்ட 29 டிகிரில ஆணும் பெண்ணும் பாதிப் பாதி, அதுக்கு மேல போகப்போக பெண்ணுதான். ஒரே குழியிலயே நடுவுல இருக்குற முட்டைக்கும் ஓரத்து முட்டைக்கும் சூடு வேற, அதனால கூடப்பொறந்ததுங்க கலந்து வரும்.

ஆனா "சூடுன்னா பெண்ணு"ன்னு எல்லாத்துக்கும் சொல்லிராதீங்க. அமெரிக்க அலிகேட்டர் முதலைல 30 டிகிரில பெண், 33 பக்கம் பெரும்பாலும் ஆண், 35ல திரும்பவும் பெண்ணு! நியூசிலாந்துல டுவாட்டரான்னு பல்லி மாதிரி ஒரு பிராணி இருக்கு, அதுக்கு சூடு ஏறினா ஆண். எனக்கே இதெல்லாம் ஞாபகம் வச்சுக்க கஷ்டம்தான். இதை முதல்ல கண்டுபிடிச்சது மாடலின் ஷார்னியேனு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, 1966ல, செனகல்ல ஒரு ஓணான் முட்டையை வச்சு.

பூமி சூடாகிட்டே வருதுல்ல, இப்ப பயமே இதுலதான். ஆமைக்குட்டியை வெளிய பாத்து ஆணா பெண்ணான்னு சொல்லவே முடியாது, அதனால ரத்தத்துல ஹார்மோன் பாத்தாங்க, ஆஸ்திரேலியா கிரேட் பேரியர் ரீஃபோட வடக்குப் பக்கத்து பச்சை ஆமைங்கள்ல வயசுக்கு வராததுல 99 சதவீதத்துக்கு மேல பெண்ணுன்னு 2018ல வந்த ஆய்வு சொல்லுது. அதான் சில இடங்கள்ல முட்டைக் குழிக்கு மேல நிழல் வலை கட்டுறாங்க, தண்ணி தெளிச்சு மண்ணை ஆத்துறாங்க.

உங்க இன்குபேட்டர் 37.5லயே ஓடட்டும்.