களா விதை காயறதுக்குள்ள மண்ணுக்குப் போகணும்

ஆடி வந்தா கோயம்பேட்டுல களாக்காய் குவியுது, கூடவே எனக்குக் கேள்விகளும் குவியுது. பதினைஞ்சு வருஷமா திருவான்மியூர்ல கொல்லையிலயும் மொட்டைமாடியிலயும் களா வளர்க்கிறேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

மாம்பலத்திலிருந்து: அக்கா, ஊறுகாய் போட வாங்கின களாக்காய்ல இருந்து விதை எடுத்துப் போட்டேன். ஒரு மாசமாச்சு, ஒண்ணுகூட வரல.

வராதும்மா. ஊறுகாய்க்கு விக்கிறது வெள்ளையும் ரோஸுமா இருக்கிற காய். விதை முத்தியே இருக்காது. நல்லாக் கறுத்து, தொட்டா அமுங்குற பழம் வேணும். காய்க்காரர்கிட்ட சொல்லி வச்சா ஒதுக்கித் தருவார்.

நசுக்கறதுக்கு முன்னாடி கையில எண்ணெய் தடவிக்கோங்க. களாவோட பால் பிசின் மாதிரி ஒட்டும், நகக்கண்ணுல ஏறினா லேசுல போகாது. டீ வடிகட்டியில போட்டு, குழாய்த் தண்ணியில வழவழப்பு போற வரைக்கும் தேய்ங்க. தட்டையா, பழுப்பா சில விதைகள் மிஞ்சும். அன்னிக்கே விதைச்சுடுங்க. கத்தரி, தக்காளி விதை மாதிரி உலர்த்தி மடிச்சு வைக்கிற வேலை இதுக்கு ஆகாது. காஞ்சா உயிர் போயிடும். நானே ஒரு தடவை நாற்பது விதையைக் காகிதத்துல மடிச்சு, ஊருக்குப் போயிட்டு வந்து போட்டேன். ஒண்ணே ஒண்ணு எட்டிப் பார்த்துது, அதையும் அணில் தோண்டிடுச்சு.

பெரம்பூரிலிருந்து: எந்த மண், எவ்வளவு ஆழம்?

செம்மண், மணல், மக்கின எரு மூணும் சமமா. ஆழம் அரை அங்குலம் போதும். நாற்றுத்தட்டு வேண்டாம், களாவுக்கு ஆணிவேர் நேரா இறங்கும். உயரமான பையிலயே போடுங்க. அரை நிழல்ல ஈரம் காயாம வச்சா ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல முளைக்கும். அப்புறம்தான் சோதனை. முதல் வருஷம் சாண் உயரம் வளர்ந்தாலே பெரிசு. பொறுக்காம யூரியா போட்டுடாதீங்க.

வேளச்சேரியிலிருந்து: எங்க தெருவுல ஐப்பசி, கார்த்திகையில தண்ணி நிக்கும். தாங்குமா?

வறட்சி தாங்கும், கடற்கரை மணலும் தாங்கும், தேங்கின தண்ணி மட்டும் ஆகாது. ஒரு முழம் மேடு கட்டி அதுமேல நடுங்க. இந்த வருஷ நாற்றை இந்த மழையில தரையில வைக்காதீங்க. பையிலயே வளரட்டும், அடுத்த ஆடியில நடலாம்.

தாம்பரத்திலிருந்து: கிண்டி தேசியப் பூங்காவுல இருக்கிறதும் இதே களாதானா? அங்கேருந்து பழம் எடுத்துக்கலாமா?

நம்ம புதர்க்காட்டுல தானா வளர்றது சிறுகளா. பழம் சுண்டைக்காய் அளவுதான், ஆனா ருசி அதுக்குத்தான் (என் கட்சி இது). சந்தையில வர்றது பெரிய களா. வளர்க்கிற விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பூங்காவுல கை வைக்காதீங்க, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெரிஞ்சவங்க வேலியில கேட்டு வாங்குங்க.

அண்ணா நகரிலிருந்து: மொட்டைமாடித் தொட்டியில காய்க்குமா? வீட்ல குழந்தை இருக்கு.

காய்க்கும். பெரிய தொட்டி, முழு வெயில். விதைச்செடி பெரும்பாலும் மூணாம் வருஷம் பூக்கும். வெள்ளைப் பூ, சாயங்காலம் கிட்ட போனா மல்லிகைக் குடும்பமோன்னு தோணும்; நிஜத்துல இது அரளிக் குடும்பம். ஆனா முள்ளு லேசுப்பட்டதில்ல, கணுவுக்குக் கணு ஜோடியா நிக்கும். குழந்தை ஓடற பக்கம் வேண்டாம், சுவரோரம் வைங்க. பழம் பறிச்சு முடிச்ச கையோட கிளையைக் கழிச்சு விடுங்க. கழிக்கும்போது முழுக்கைச் சட்டை.

அதே அண்ணா நகர்: பேக்கரி பன்னுல இருக்கிற செர்ரி களாக்காய்தான்னு சொல்றாங்களே?

நிறைய கடைகள்ல அதேதான். விதை நீக்கி, சர்க்கரைப் பாகுல ஊற வச்சு, சிவப்புச் சாயம் ஏத்தினது. அதுலேருந்து விதை எடுக்கலாமான்னு அடுத்து கேட்காதீங்க.