பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் மீது எதற்காக வழக்குப் போட்டார்கள்? அவ்வளவு ஆபாசமா?

ஆபாசம் தேடிப் படித்தால் ஏமாந்துதான் போவீர்கள். ரூவான் நகரில் திரை இழுத்துவிட்ட குதிரைவண்டி ஒன்று மணிக்கணக்கில் சுற்றுகிறது. உள்ளே நாவலின் நாயகி, கல்யாணமான எம்மாவும் அவள் காதலன் லியோனும். நமக்குத் தெரிவது, கிழித்த காகிதத் துண்டுகளை வெளியே வீசும் ஒரு கை மட்டும். தொடராக வெளியிட்ட பத்திரிகையே பயந்துபோய் இந்தக் காட்சியை வெட்டிவிட்டது.

அரசு வழக்கறிஞர் பினாரை உறுத்தியது, எம்மாவைக் கண்டிக்கக் கதைக்குள் ஒருவர்கூட இல்லை என்பது. 1857 பிப்ரவரியில் ஃப்ளோபேருக்கு விடுதலை கிடைத்தது. (அதே ஆண்டு அதே பினாரிடம் கவிஞர் பொதலேர் மாட்டினார், அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை.)

என்னைக் கேட்டால் நாவலின் நிஜ வில்லன் கடன்தான். துணி வியாபாரி லெரோ ஆசை காட்டிக் கடனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறான். வீட்டுச் சாமான்கள் ஜப்திக்கு வந்து, பழைய காதலன் ரொடோல்ஃபும் கையை விரித்த பிறகுதான் எம்மா ஆர்சனிக்கைத் தின்கிறாள்.